உதவிப்பணம் யாசகமா?

பட்டம் பெற்ற பிள்ளை வேலையிழந்து சொக்சோவில் உதவிப்பணம் கேட்டால், குடும்பக் கௌரவம் போயிற்றென்று சிலிபின் பக்கத்து நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். அது ஜக்காத்தும் அல்ல, சதக்காவும் அல்ல. 2018 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தில், தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் தலைக்கு 0.2 சதவீதம் கட்டிய சந்தாவிலிருந்து வருவது. வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தானே ராஜினாமாச் செய்தவனுக்கு இல்லை.

கல்லூரியிலிருந்து நேரே வந்து, சந்தாவே கட்டாதவனுக்கும் இல்லை. இங்கேதான் விஷயம் நம் கடைவாசலுக்கு வருகிறது. "மருமகன்தானே, ஒத்தாசைக்கு நிற்கிறான்" என்று பெயரைப் பதியாமலே பட்டதாரியைக் கல்லாவில் உட்கார வைக்கிறோம். நாளை கடையை மூட நேர்ந்தால், அவன் எதைக் காட்டிக் கேட்பான்? கூலிப் பாக்கி வைக்க அஞ்சும் நாம், இதை எந்தக் கணக்கில் எழுதுகிறோம்?