முகம் தெரியாத சபை

முகத்தைப் பாராமல் பேச்சை மட்டுமே கேட்கும் ஒரு சபை இருந்தால், அங்கே நியாயம் தானாகவே பிறந்துவிடுமா? இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல. இன்டர்நெட் வீடுதோறும் வந்து சேருமுன்பே ஓர் ஊர் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் கடற்கரை நகரமான ஸான்டா மோனிகாவில், 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நகரசபையே ஒரு கம்ப்யூட்டர் வலையை அமைத்தது. ஊர்க்காரர்களுக்கு இலவசம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பொது நூலகத்துக்குப் போய் எழுதலாம். நகரசபை அங்கத்தினரைக் கேள்வி கேட்கலாம். ஊர் விவகாரங்களை விவாதிக்கலாம். இனி ஜனங்களுக்கும் ஆட்சிக்கும் நடுவே சுவரே இராது என்று நம்பினார்கள்.

அந்த நூலகத்துக்கு வீடற்றவர்களும் வந்தார்கள்; எழுதினார்கள். தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கக் கூடியவர்கள், இங்கே அவர்களோடு சரிக்குச் சரியாக வாதாடினார்கள். கந்தலும் அழுக்கும் எழுத்தில் தெரிவதில்லை அல்லவா? வேலை தேடிப் போவதென்றால் முதலில் குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், மூட்டையைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் வேண்டும் என்ற எளிய உண்மை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. குளியலறை, துவைக்கும் யந்திரம், பூட்டுப் பெட்டி என்று ஒரு திட்டம் உருவாயிற்று. நகரசபையும் பணம் ஒதுக்கியது.

ஆனால், அதே சபையில் சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பெண்களைப் பற்றி ஆபாசமாக எழுதினார்கள்; பெண்கள் தங்களுக்கென்று தனிக் குழு அமைத்துக்கொள்ள நேர்ந்தது. வசை பொறுக்காமல் நகரசபை அங்கத்தினர் சிலர் ஒதுங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் எழுதியவர் பெயர் மறைக்கப்படவில்லை. தன்னைப் பார்க்கும் கண்கள் எதிரே இல்லை. வம்பனுக்கு அது போதுமாயிருந்தது!

ஏழைக்கு மதிப்புத் தந்ததும், வம்பனுக்குத் துணிச்சல் தந்ததும் ஒரே திரைதான். ஆகவே திரையைப் புகழ்வதிலோ பழிப்பதிலோ பயனில்லை. அந்தக் குளியலறைகள்கூட எழுத்தால் மட்டும் வந்துவிடவில்லை; யந்திரத்தை விட்டு எழுந்து, நேரில் கூடிப் பேசி, நகரசபையை வற்புறுத்திய சிலரால் வந்தன.

முகம் மறைந்திருக்கும்போது மட்டும் ஒருவனை மதிக்கிறவன் இன்னும் மனிதனை மதிக்கக் கற்றவனல்ல. கற்றானா என்பது, அடுத்த நாள் தெருவில் அதே கந்தலைக் காணும்போது அவன் நிற்கிறானா, நகர்கிறானா என்பதில்தான் இருக்கிறது.