என்ன புதினம்?

முதியோர் இல்லங்களுக்கு மதிய உணவு வழங்குவது எங்கள் பகுதியில் இன்று வழக்கமாகிவிட்டது. தந்தையின் திவசம், பிள்ளையின் பிறந்தநாள், பரீட்சையிற் கிடைத்த சித்தி, கடல் கடந்து வாழும் மகன் அனுப்பிய காசு. காரணம் எதுவாயினும் சோறும் கறியும் ஏதோ ஓர் இல்லத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. கொடுப்பவர் படம் எடுத்துக்கொள்கிறார், பெறுபவர் கைகூப்புகிறார். இதிற் குற்றங்காண நான் முற்படவில்லை. பசித்தவருக்குச் சோறு சோறுதான். ஆயினும், கொடுத்தல் எல்லாம் ஒரு பக்கத்திலும் பெறுதல் எல்லாம் மறுபக்கத்திலும் நிலைத்துவிட்ட ஓர் உறவை மனித உறவு என்று கூறலாமா என்ற ஐயம் அண்மையில் எனக்கு எழுந்தது. அதை எழுப்பியது ஒரு காகம்.

சென்ற வைகாசியில் என் வகுப்பு மாணவர் சிலருடன் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள இல்லமொன்றுக்குச் சென்றிருந்தேன். மாணவரின் ஒரு கையிற் சோற்றுப் பொதி. மறு கையிற் கொப்பி. கொப்பி என் யோசனை. புகையிலைச் செய்கை, துலா மிதித்தல், மாட்டுவண்டிப் பயணம் ஆகியவற்றைப் பற்றி முதியோரிடம் கேட்டு எழுதுமாறு பணித்திருந்தேன். முதியோர் பழங்காலத்தில் வாழ்பவர்; அதைக் கேட்டால் மகிழ்வர் என்பது என் எண்ணம். இந்த எண்ணத்துக்குப் பல்கலைக்கழகத்திற் கற்ற இலக்கியமும் காரணமாகலாம். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புறநானூற்றுப் புலவர், கோலூன்றித் தளர்ந்து, இருமலுக்கிடையே சில சொற்களைப் பேசும் பருவத்தில், ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளிக்காட்டிய தம் இளமையை எண்ணி இரங்குகிறார். அந்தப் பாட்டை ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், முதுமை என்றால் அந்த இரக்கமே என்று முடிவுகட்டியிருந்தேன் போலும்.

விறாந்தையில் நடந்தது வேறு. துலாவைப் பற்றிக் கேட்ட மாணவனை ஓர் ஆச்சி கையமர்த்தினார். "அது கிடக்கட்டும் மோனை. முதல் உந்த வேம்பைப் பார். அந்தக் காகம் ஆற்றை பிள்ளைக்குத் தீத்துது எண்டு பார்."

கிளையில் ஒரு காகம் குஞ்சொன்றின் அகன்ற வாய்க்குள் இரையை வைத்துக்கொண்டிருந்தது. குஞ்சும் கருமையே. ஆனால் அதன் குரலை மூன்று நாட்களாகக் கவனித்த ஆச்சி, அது குயிற்குஞ்சு என்று கண்டுபிடித்து விறாந்தை முழுவதற்கும் அறிவித்திருந்தார். தபாற்கந்தோரிற் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் தம் கதிரையிலிருந்தபடியே தீர்ப்பளித்தார்: "வளர்க்கிறது காகம். செட்டை முளைச்ச உடனை குயில் கனடாவுக்கு வெளிக்கிட்டிடும்."

விறாந்தை குலுங்கிற்று. உரக்கச் சிரித்தவர் அந்த ஆச்சிதான். அவருடைய மக்கள் இருவரும் கனடாவில் இருப்பதைப் பின்னரே அறிந்தேன். என் மாணவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தனர். எனக்கும் தெரியவில்லை. இரங்குவதற்கு ஆயத்தமாக வந்தவர்கள் நாங்கள். இரக்கத்துக்கு உரியவர்களோ தம் நிலையைத் தாமே எடைபோட்டு, எங்களுக்கும் ஒரு பங்கு பரிமாறிவிட்டிருந்தனர்.

பின்னர் பத்திரிகை வாசிப்பு. கண்பார்வை நன்றாயுள்ள ஒருவர் மரண அறிவித்தலிலிருந்து தொடங்கினார். எழுபத்தொரு வயதில் ஒருவர் காலமான செய்தியைக் கேட்டு, தொண்ணூறை நெருங்கிய அப்பு ஒருவர், "பாவம், பொடியன்" என்றார். அடுத்து வெங்காய விலை. சோளகக் காற்று இம்முறை பிந்துமா என்ற விவாதம். துலாவைப் பற்றி என் மாணவர் எழுதிக்கொண்டது ஒரே ஒரு பக்கம்.

முதுமையைப் பற்றி உலகம் நிறைய எழுதியிருக்கிறது. உரோம நாட்டுச் சிசரோ கி.மு. 44இல் எழுதிய நூலில், முதுமை செயலினின்று விலக்குகிறது, உடலைத் தளர்த்துகிறது, இன்பங்களைப் பறிக்கிறது, மரணத்தை அருகழைக்கிறது என்ற நான்கு குறைகளுக்கும் முதிய கேற்றோவின் வாயால் மறுப்புக் கூறுகிறார். இனிய நூல். ஆனால் வரலாற்றிலே வாழ்ந்த கேற்றோ வேளாண்மை பற்றித் தாமே ஒரு நூல் எழுதியவர். அதில், தேய்ந்த கருவிகளோடும் கிழ எருதுகளோடும் முதிய அடிமையையும் நோயுற்ற அடிமையையும் விற்றுவிடுமாறு பண்ணையாருக்குப் புத்தி கூறுகிறார். இனிய முதுமை ஆண்டானுக்கு, அடிமைக்கு விலைச்சீட்டு!

எம்மைப் போன்ற முற்போக்காளரும் இந்தக் கணக்கிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர். 1936ஆம் ஆண்டுச் சோவியத் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, உழைக்காதவனுக்கு உணவில்லை என்ற நெறியை ஏற்றது. பிறர் உழைப்பில் வாழ்வோரை நோக்கிய நெறி அது. அதே சாசனத்தின் 120ஆம் உறுப்புரை முதுமையிற் பராமரிப்புப் பெறுவதை உரிமையாக்கிற்று. எழுத்தளவில் நல்ல ஏற்பாடு. நடைமுறை வேறு கதை. ஆனால் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. முதியவர் ஒருகாலத்தில் உழைத்தவர் என்பதன் பேரில் உண்கிறார். இன்று அவர் யார் என்ற கேள்விக்கு அங்கும் விடையில்லை.

நமது நாட்டிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்கிறது. வேண்டிய சட்டம். பராமரிப்புப் பணத்தைச் சட்டம் பெற்றுத் தரும். காது கொடுக்குமாறு எந்த மன்றம் கட்டளையிடும்?

இங்கே யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலுள்ள ஒரு சொல் எனக்குத் துணைசெய்கிறது. இலக்கியக்காரர் நாவலைப் 'புதினம்' என்பர். எங்கள் ஊரவருக்கோ புதினம் என்றால் செய்தி. படலையிற் கண்டவரிடம் "என்ன புதினம்?" என்பதே முதற் கேள்வி. அதைக் கேட்பவன் எதிரில் நிற்பவரை இன்றைய நாளின் பங்காளியாக மதிக்கிறான். அவரிடம் தனக்குத் தெரியாத ஒன்று இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறான். முதியோரிடம் நாம் பழையதைக் கேட்கிறோம், புதினத்தைக் கேட்பதில்லை. சோற்றைக் கொடுத்து, நினைவுகளை வாங்கிக்கொண்டு, நிகழ்காலத்தை நாமே வைத்துக்கொள்கிறோம். காகத்தைக் கவனித்துச் சொல்லும் ஆச்சி அந்த நிகழ்காலத்தில் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். எடுத்ததைப் பிறருக்கும் கொடுக்கிறார். இதுவும் ஒருவகை உழைப்பே என்று பட்டம் சூட்ட எனக்கு விருப்பமில்லை. அப்படிச் செய்தால், உழைத்தாலன்றி மனிதனுக்கு மதிப்பில்லை என்ற பழைய கணக்கையே நானும் எழுதியவனாவேன்.

விறாந்தையைச் சொர்க்கமாக்கிக் காட்டவும் வேண்டியதில்லை. தபாற்கந்தோர்க்காரருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. வாழ்நாள் முழுவதும் பிறர் தோட்டத்திற் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிய ஆச்சிக்கு ஓய்வூதியமும் இல்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் அந்தத் தோட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. இளமையில் அவருடைய கிணற்றில் இவர் அள்ளியிருக்க முடியாது. இன்று இவருடைய காகத்துக்கு அவர் பகிடி சொல்கிறார். ஆனால் உணவு வேளையில் இருவரும் இருந்த இடங்கள் இன்னும் தூரமாகவே இருந்தன. பேச்சு மட்டும் முன்னே நடந்துவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், காணாமற்போனவர்களைப் பற்றியும் காணியைப் பற்றியும் கதைக்க வேண்டிய நாட்டில், காகத்தைப் பற்றிக் கதைப்பது தப்பித்தல் அல்லவா?" நல்ல கேள்வி. 2009இல் மகனை இழந்த தாய் ஒருவரும் அந்த விறாந்தையில் இருந்தார். காகத்தைப் பற்றி அவரும் இரண்டு வார்த்தை சொன்னார். அந்த இரண்டு வார்த்தைக்கு இடமில்லாத இடத்தில் அவர் மற்றதை எப்படிச் சொல்லத் தொடங்குவார் என்று திருப்பிக் கேட்டேன். மாணவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளவேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

என் வீட்டில் நடப்பதையும் சொல்லியாகவேண்டும். ஓய்வுபெற்ற என் தந்தையார் காலையில் வேலியோரம் கண்டதைச் சொல்ல வருவார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். "பிறகு சொல்லுங்கோ அப்பா" என்பேன். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை. நானாக அவரிடம் கேட்பவை காணி உறுதி எங்கே, 1995 இடப்பெயர்வின்போது எந்தப் பெட்டியை யார் வீட்டில் வைத்தோம் என்பன போன்றவையே. அவரையும் நான் ஒரு பழைய பெட்டியாகத்தான் வைத்திருந்திருக்கிறேன்.

ஆடியில் மீண்டும் அந்த இல்லத்துக்குச் சென்றோம். இம்முறை ஆறு மாணவர், கொப்பி இல்லை. வேம்பிற் கூடு கலைந்திருந்தது. "குஞ்சு போட்டுது. காகம் ரண்டு நாள் கத்திப்போட்டு இப்ப பேசாமல் இருக்குது" என்றார் ஆச்சி. பிறகு, முன்பு காகத்தைக் குறைகூறிய அந்த மாணவன் பக்கம் திரும்பி, "உங்கடை வளவிலை என்ன புதினம், மோனை?" என்றார்.

அவன் சிறிது யோசித்தான். "எங்கடை ஆடு குட்டி போட்டது ஆச்சி. மூண்டு."

"கிடாய் எத்தினை?" என்றது கதிரைப் பக்கத்துக் குரல்.