அத்துமீறுவது யார்?

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பழவேற்காட்டு இறால் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கும் அம்மா, புத்தகப் பையோடு ஓடும் பையன்... சிலர் தண்டவாளத்தை ஒட்டியே வீட்டுக்கு நடையைக் கட்டுவார்கள். சட்டப்படி அது குற்றம். 1989 ரயில்வே சட்டம், 147-வது பிரிவு. ஆறு மாதம் வரை உள்ளே தள்ளலாம்.

ககோத்கர் கமிட்டி 2012-ல் ஒரு கணக்கு சொன்னது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்து சாகிறவர்கள் வருஷத்துக்குச் சுமார் 15,000 பேர். 'அத்துமீறி'யாம்! செத்தவர் மீதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

வேலி போட்டு, அதன் ஓரமாக நடக்க, சைக்கிள் மிதிக்க ஒரு பாதை. இதற்கு அரசு மானியம் கேட்டால், 'வருமானம் வராத செலவு சார்' என்பார்கள். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தோமே, பிறகு மற்றவர்களுக்கும் கொடுத்தோமே, அதில் என்ன வருமானம் வந்தது? நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெண் அதை எங்கே ஓட்டுவாள், லாரிக்குப் பக்கத்திலா?

சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கையே வகுத்தது: போக்குவரத்துப் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். (பிளாட்பாரத்தில் பைக் ஓட்டுகிறவர்கள் தங்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது!) பொன்னேரி அந்த எல்லைக்கு வெளியே.

பொதுப்பணம் என்கிறோம். இறால்கார அம்மாவும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார். அதில் எங்கோ ஒரு மேம்பாலம் எழும்பும். அதன்மேல் அவர் நடந்து போக முடியாது.