பிசகிய புள்ளி யாருக்குச் சொந்தம்?

விளையாட்டில் ஏமாற்றுவது பிழை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆனால் எதிராளி தாமே கணக்கில் தவறி, உங்களுக்குப் பத்துப் புள்ளி கூட எழுதிவிட்டால், நீங்கள் வாய் திறக்க வேண்டுமா?

1930களில் அமெரிக்கரான அல்பிரட் பட்ஸ் உருவாக்கிய ஸ்கிரபிள் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 100 எழுத்துக் கட்டைகளில் இரண்டு வெறுங்கட்டைகள். அவற்றை எந்த எழுத்தாகவும் வைக்கலாம். ஆனால் புள்ளி கிடையாது. வெறுங்கட்டையை ‘இசட்’ என வைத்தவருக்கு, மறதியாகப் பத்துப் புள்ளி சேர்ந்துவிடுவது எளிது.

“அகராதியில் இல்லாத சொல்லையே சிலர் துணிந்து வைக்கிறார்களே, இதை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?” என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லை எதிராளி ஆட்சேபிக்கலாம். அது ஆட்டத்துக்குள் நடக்கும் மோதல். புள்ளித்தாளோ ஆட்டமன்று, நடந்ததற்குச் சாட்சி. போட்டிகளில் இருவரும் கணக்கு எழுதி ஒப்பிடுவது இதற்காகவே. பிழையான சாட்சியென அறிந்தும் மௌனமாயிருப்பவர், அதற்குத் தாமும் கையொப்பமிடுகிறார்.

நம் இரணைமடுவில் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்தே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகிறது. ஓர் அடி கூட்டி எழுதினால், தவறு தெரியாமல் நேர்ந்ததானாலும், கடைசி வாய்க்கால்காரரின் பயிர்தான் வாடும். தெரிந்தும் பேசாதிருந்தவருக்கு அதில் பங்கில்லையா? ஆட்டத்தில் பயிர் வாடாது. ஆனால் உங்களுக்குக் கூடிய பத்து, மற்றவரின் வெற்றியைப் பறிக்கலாம்.

பெற்றோரே, பிள்ளையிடம் “வென்றாயா?” என்று கேட்குமுன், “கணக்கைச் சரிபார்த்தாயா?” என்று கேளுங்கள்.