இளவட்டக்கல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கற்கள்

பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடும் சின்னக் குழந்தையைப் பாருங்கள். இரண்டு காதையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு, "மூணு போதும்டா, வா" என்று அம்மா இழுத்தாலும் வராமல், உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, சிரித்தபடி போட்டுக்கொண்டே இருக்கும். அதே பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு போனதும் தோப்புக்கரணம் என்றாலே முகம் சுண்டிவிடும். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு ஐம்பது, பிந்தி வந்தவளுக்கு இருபத்தைந்து என்று அது தண்டனையாகிவிட்டிருக்கும். மைதானத்தைச் சுற்றி ஓடுவதும் தண்டனைதான். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டிருப்பார். உடம்பை வருத்துவது தப்புச் செய்தவர்களுக்கு உரியது என்கிற பாடம் பத்து வயதிலேயே நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது.

அதன் பிறகு பல வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. நாற்பதைத் தாண்டியபின் ஒருநாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு டாக்டர் முன்னால் உட்காரும்போது உடற்பயிற்சி மறுபடி நம் வாழ்க்கைக்குள் வருகிறது. இந்தத் தடவை மருந்தாக. தண்டனையாகத் தெரிந்துகொண்ட ஒன்றை மருந்தாக விழுங்கச் சொன்னால் எத்தனை நாள் விழுங்க முடியும்? ஜனவரியில் ஜிம்மில் வருஷத்துக்கும் பணம் கட்டியவர்கள் மாசி பிறப்பதற்குள் நின்றுவிட்டால், சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிடிக்காத ஒன்றை வைராக்கியத்தால் மட்டுமே ஆயுசு முழுக்க இழுத்துக்கொண்டு போகிறவர்கள் அபூர்வம். அவர்களை வைத்து ஊரை அளக்கக் கூடாது. உடம்பில் பலம் ஏற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது தமக்குப் பிடித்த ஒரு கனத்தை. எத்தனை கிலோ, எத்தனை முறை என்பதெல்லாம் அப்புறம்.

"நான்தான் தினமும் நடக்கிறேனே" என்பார்கள். நடை நல்லது, விட வேண்டாம். ஆனால் தசைக்கு அது போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நடை போன்றவற்றுக்கு வாரம் 150 நிமிடம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும் பலப் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. 65 வயது ஆனவர்களுக்குச் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி வாரத்தில் 3 நாள். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. அறுபது தாண்டியவர் ஒரு குடத்தை எடுக்கப் போனால் நாலு பேர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

நம்மவர்களுக்குப் பலப் பயிற்சி இன்னும் அவசியம் என்பதைச் சொல்லும் ஒரு புகைப்படம் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே அளவு, 22.3. உடம்பில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லியாக இருந்துகொண்டே கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும் உடல்வாகு நம்மில் பலருக்கு. மெல்லிய கை, குச்சிக்கால், நடுவில் தொப்பை என்று கல்யாண மண்டபப் பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும். சாப்பிட்ட சோற்றிலிருந்து ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. அது குறைவாக இருந்தால் சர்க்கரை எங்கே போகும்? இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்று 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது.

இத்தனையும் தெரிந்திருந்தும் அதிகாலையில் யாரும் கட்டிலை விட்டு எழுந்துவிடுவதில்லை. பயம் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் தாங்க ருசி வேண்டும்.

பலப் பயிற்சிக்கு அந்த ருசி இயல்பிலேயே இருக்கிறது, அதுவும் தொடங்குகிறவர்களுக்குத்தான் அதிகம். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பெருத்ததால் வருவதில்லை. எந்தத் தசை இழைகளை எப்போது, எத்தனையைச் சேர்த்து முடுக்க வேண்டும் என்பதை நரம்பு கற்றுக்கொள்வதால் வருகிறது. தசை கண்ணுக்குத் தெரியும்படி திரள்வதற்கு மாதங்கள் ஆகும். நரம்போ சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். போன வாரம் மூச்சு வாங்க வைத்த கனம் இந்த வாரம் கையில் சாதாரணமாக வந்து உட்காரும். அந்த வியப்பை அனுபவித்தவர்களுக்கு அடுத்த வாரம் என்ன ஆகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. எத்தனை வயதானாலும் இது நடக்கும். பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்து, முடிவை 1990-இல் வெளியிட்டார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள். எனக்குத் தெரிந்த மருத்துவச் செய்திகளில் இதைப்போல் சந்தோஷம் தந்தது வேறு இல்லை.

எனக்கு அந்த ருசியைக் காட்டியது கர்லாக்கட்டை. மதுரையில் எங்கள் தெரு மொட்டை மாடி ஒன்றில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித்தரும் தம்பி, மாலையில் பெரியவர்களுக்குக் கர்லா சுற்றக் கற்றுக்கொடுக்கிறார். கடைசல் பட்டறையில் கடைந்த கட்டை. அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, பிடியின் நுனியில் கை வழுக்காமலிருக்க ஒரு குமிழ். தேய்ந்த பிடியில் எண்ணெயும் வேர்வையும் ஏறி மரம் கறுத்திருக்கும். முதலில் கையில் வாங்கும்போது, இவ்வளவுதானா என்று தோன்றும். சுற்றினால்தான் அதன் கனம் தெரியும். மார்புக்கு நேரே நிமிர்த்திப் பிடித்த கட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகுப்பக்கம் இறக்க வேண்டும். தோளைத் தாண்டியதும் கட்டையின் தலை தானாக விழும். அந்த நொடியில் ஒன்றரைக் கிலோ மரம் நாலு கிலோவாகத் தோளை இழுக்கும். முதுகைச் சுற்றி மறுதோள் வழியாக மேலேறி முன்னால் வந்து நிற்கும்போது மறுபடி ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும்.

"கட்டையைத் தூக்காதீங்கக்கா" என்றார் தம்பி. "விடுங்க, அது போகும். நீங்க கூடப் போங்க."

அப்படிக் கூடப்போகத் தெரிந்தபோது தோள், முதுகு, இடுப்பு, பாதம் எல்லாம் ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டன. எண்ணத் தோன்றவில்லை. பக்கத்தில் சுற்றுகிறவரின் கட்டையோடு நம் கட்டையும் சேர்ந்து ஏறி இறங்குவது கோலாட்டம் ஆடுவது போல இருந்தது. வடகம் எடுக்க மாடிக்கு வந்த பக்கத்துவீட்டு அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அதை இங்கிட்டுக் கொண்டா, நானும் ஒருக்கா பார்க்கிறேன்" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். தம்பி அவருக்குச் சின்னக் கட்டையாகப் பார்த்துக் கொடுத்தார். இப்போது நாங்கள் ஏறுவதற்குள் அவர் மாடியில் இருக்கிறார்.

இந்தக் கட்டை இங்கிருந்து கடல் கடந்து போயிருக்கிறது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் இதைப் பார்த்துக் கற்றுத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சுற்றினார்கள். 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. நம் ஊரில் அது குஸ்திக்காரர்களின் கூடத்து மூலையில் கிடந்தது.

கர்லாதான் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். கபடிக் களத்து மண்ணில்தான் ஒருவருக்கு உயிர் இருக்கும். இரும்புத் தட்டு மோதும் சத்தமும் ஜிம்மில் அலறும் குத்துப்பாட்டும் இன்னொருவருக்கு உற்சாகம் தரும், அவர் அங்கேதான் போக வேண்டும். கூட்டம் ஆகாதவர் வீட்டில் சுவரில் கைவைத்துத் தண்டால் எடுக்கலாம். அது எளிதானதும் சுவரை விட்டுத் திண்ணை, திண்ணையை விட்டுப் படி, பிறகு தரை என்று இறங்கிக்கொண்டே வரலாம். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்கிப் பழைய தோப்புக்கரணத்துக்குத் திரும்பலாம். 20 லிட்டர் தண்ணீர் கேனை அடுக்களைக்கு உருட்டிக்கொண்டு போகாமல் தூக்கிக்கொண்டு போக ஆசைப்பட்டே ஒருவர் பயிற்சி தொடங்கலாம். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, கேனை உடம்போடு ஒட்டி எடுப்பதில் பளுதூக்குதலின் பாதிப் பாடம் இருக்கிறது. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தூக்கும்போது யாரும் மூச்சை அடக்கக் கூடாது. சாப்பாட்டில் முட்டை, சுண்டல், பயறு கூட வேண்டும். இவை எல்லோரும் சொல்வதுதான்.

"அந்தக் காலத்தில் அம்மியும் உரலும் கிணறும் இருந்தன, தனியாகப் பயிற்சி எதற்கு" என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அந்த அம்மியில் அரைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. இடுப்பு விட்டுப்போன நாளிலும், பிள்ளை பெற்ற மறுமாதமும் அவர்கள் அரைத்தார்கள். சுமை தூக்கும் தொழிலாளிக்கும் அவர் தூக்கும் கனம் ஜிம்மில் தூக்குவதைவிட அதிகம்தான், ஆனால் எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லை. ஓய்வு இல்லாத உழைப்பு மூட்டுகளைத் தேய்க்கும். பயிற்சியில் இன்று வேண்டாம் என்று கட்டையைக் கீழே வைத்துவிட முடியும். ஓய்வெடுத்து, தின்று, தூங்கி, பிறகு கொஞ்சம் கூட்டித் தூக்குகிறோம். அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் அதில் விளையாட்டு இருக்க முடிகிறது.

விளையாட்டுக்குத் துணையும் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்தில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், பேரன்கள் பளு தூக்குவதைப் பார்த்துத் தானும் தூக்க ஆசைப்பட்டு, 2024-இல் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோவைத் தரையிலிருந்து நிமிர்த்தினார். அந்தச் செய்தியில் எல்லோரும் வயதைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தப் பேரன்கள்தான் கண்ணில் பட்டார்கள். "பாட்டி, பேசாம உட்காரு" என்று சொல்லாமல் கம்பியை அவர் கையில் கொடுத்தார்களே, அங்கேதான் அது தொடங்கியது. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ எடைப்பிரிவில் தங்கம் வாங்கியவர். அவருடைய அப்பாவும் பளுதூக்கும் வீரர். பக்கத்தில் ஒருவர் ரசித்துச் செய்துகொண்டிருந்தால், பார்க்கிறவர்களின் கை தானாக நீளும்.

நம் ஊர்கள் இதை அறிந்தே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தன. தென்மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் முன்னாலும் மந்தையிலும் இளவட்டக்கல் கிடக்கும். வழவழவென்று உருண்டையான, பிடிப்பதற்கு ஒரு விளிம்புகூட இல்லாத கல். குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் அணைத்து முதலில் தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு உருட்டி, தோளில் வாங்கிப் பின்பக்கம் தள்ள வேண்டும். தூக்குகிறவனுக்குத்தான் பெண் என்ற வழக்கமும் இருந்ததாகச் சொல்வார்கள். ஒருவன் கல்லை நெஞ்சுக்கு ஏற்றும்போது ஊரே சேர்ந்து மூச்சுப் பிடிக்கும், தோளுக்குப் போனதும் ஆரவாரம் எழும். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இந்தப் போட்டி நடக்கிறது. பெண்களும் களத்தில் இறங்குகிறார்கள்.

மற்ற ஊர்களில் அந்தக் கல் பாதி மண்ணுக்குள் புதைந்து, வேட்டி காயப்போடவும் உட்காரவும் பயன்படுகிறது. அதைத் தோண்டி எடுத்துக் கழுவி வைத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. நூறு கிலோக் கல்லை மட்டும் வைத்தால் ஊரில் நாலு பையன்கள் தூக்குவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதன் பக்கத்தில் 5 கிலோ, 10 கிலோ, 15 கிலோ, 25 கிலோ என்று சின்ன உருண்டைக் கற்களையும் வரிசையாக வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், வேலை இல்லாத நாளில் மரத்தடியில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள், பென்ஷன் வாங்கிவிட்டு வரும் பெரியவர்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு கல் இருக்க வேண்டும். அம்மி கொத்தவும் ஆட்டுக்கல் செய்யவும் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், செதுக்கித் தருவார்கள். ஊராட்சிக்கு ஒரு தெருவிளக்குக் கம்பம் நடும் செலவுகூட ஆகாது. அடுத்த பொங்கலுக்கு எங்கள் அப்பாவின் ஊரில் இதைச் செய்யலாமா என்று கேட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். 5 கிலோக் கல்லுக்கான முதல் பரிசைத் தான் தருவதாக மாடி அத்தை சொல்லியிருக்கிறார், போட்டியிலும் தன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.