எவருடைய செலவில்?

முதுகலைத் தாவரவியல் முடித்த இளம்பெண் ஒருத்தி அண்மையில் நம்மை நாடி வந்தாள். முனைவர் பட்ட ஆய்வுக்குத் துறை தேர வேண்டிய நேரம். புல்லினங்களைப் பிரித்தறியும் வகைப்பாட்டியலில் அவள் உள்ளம் தோய்ந்திருக்கிறது. ஆனால் அதில் பணியிடங்கள் சில. உயிர்த்தொழில்நுட்பம் எடுத்தால் வேலை எளிது என்கின்றனர் உடன் பயின்றோர். வீட்டில் தந்தைக்குக் கடன், தம்பி கல்லூரியில். "சாமி, மனத்தைக் கேட்பதா, வயிற்றைக் கேட்பதா?" என்றாள்.

இத்தகைய நேரங்களில் வெற்றி பெற்றோரின் வரலாற்றைச் சொல்லி ஊக்குவிப்பது நம் வழக்கம். ஹங்கேரியில் பிறந்த காத்தலின் காரிக்கோ தூது ஆர்.என்.ஏ. ஆய்வில் ஊன்றி நின்றார். 1995இல் பதவி இறக்கப்பட்டார். 2023இல் நோபல் பரிசு பெற்றார். உண்மைதான். ஆயினும், அவரைப் போன்றே உறுதியாய் நின்றும் பரிசோ பதவியோ காணாதோரின் கதையை எவரும் எழுதுவதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி இளையோரை வழியனுப்புதல் நேர்மையாகுமா?

ஆதலால் முதலில் கணக்குப் பார்த்தோம். தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் ரூ. 37,000, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ரூ. 42,000. மொத்தம் 5 ஆண்டுகளே. ஆய்வோ 6 ஆண்டுகள் வரை நீளலாம். அந்த ஆறாம் ஆண்டின் சோற்றுக்கு வழி என்ன? மறுபுறம், இன்றைய சந்தையை நம்பித் துறை தேர்வோரும் பட்டம் பெற்ற பிறகே அதனுள் நுழைகின்றனர். அன்று அது எவ்வாறிருக்கும் என்று எவர் அறிவார்?

அடுத்து ஆர்வத்தைச் சோதித்தோம். செடியைக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயர்ச்சீட்டு எழுதும் சலிப்பான நாட்களிலும் நிலைப்பதே ஆர்வம். இரண்டில் ஒன்றே என்ற கட்டாயமும் இல்லை. 2003இல் முன்மொழியப்பட்ட டி.என்.ஏ. பட்டைக்குறி முறையை வகைப்பாட்டியலாரும் கையாள்கின்றனர். கேள்வியை உள்ளத்திலிருந்தும், கருவியைச் சந்தையிலிருந்தும் பெறலாம்.

எஞ்சுவது அறக் கேள்வி. தன் வசதியைத் துறப்பது தியாகம். தம்பியின் படிப்பையும் தந்தையின் நிம்மதியையும் அவர்களைக் கேளாமலே துறந்துவிடுவது தியாகமன்று. அதேபோல, வீட்டார் கேட்காத தியாகத்தைத் தானே செய்துவிட்டு, வாழ்நாள் முழுதும் அவர்களை நொந்துகொள்வதும் அறமன்று.

"அப்பாவிடம் பேசினாயா?" என்று கேட்டோம். தலை கவிழ்ந்தாள். கணக்கு முழுவதையும் அவர் முன் விரித்து வைத்தபின் தேர்ந்துகொள் என்று சொல்லி அனுப்பினோம்.

பெற்றோராகிய நீங்களும், பிள்ளை அப்படிப் பேச வரும்போது, விடையை முன்னரே முடிவு செய்துகொண்டு காத்திருக்க வேண்டாம்.