பதிவேட்டில் இல்லாத நூல்கள்

எரிந்துபோன நூலகம் ஒன்றுக்காகத் துக்கப்பட யாருக்கு உரித்து உண்டு? யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றி வன்னி முஸ்லிம் ஒருவர் பேசத் தொடங்கினால் இக்கேள்வி இரு பக்கமிருந்தும் வரும். அது எமது நூலகம், உமக்கென்ன என்பார் ஒருவர். எம்மை விரட்டிய மண்ணின் நூலகத்துக்கு நீர் ஏன் அழவேண்டும் என்பார் மற்றவர்.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டிப் போனால், யாழ் கோட்டைக்கு அண்மையில் அந்த வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. நடுவில் கும்மட்டம், முன்றலில் சரஸ்வதி சிலை. (கும்மட்டத்தைக் கண்டதும் எமது கண் சற்று உறவு கொண்டாடி விடுகிறது. அது மனித பலவீனம்.) 1933இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டில் தொடங்கிய சிறு முயற்சியே அதன் வித்து. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடப்படி, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்து, 1959இல் திறக்கப்பட்டது. சோனகத் தெருவிலிருந்து நடந்து போகும் தூரம். அத்தெருவாருக்கும் அது ஊர் நூலகந்தான்.

1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் பொலிஸாரும் குண்டர்களும் அதை எரித்தனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதியும் எரிந்தது என்று பலர் எழுதுகின்றனர். அந்நூலை 1879இலேயே பிறிற்றோ ஆங்கிலத்தில் வெளியிட்டுவிட்டார். தமிழிலும் அது அச்சில் உண்டு. இழப்பைப் பெருப்பித்துக் காட்ட எந்தத் தேவையும் இல்லை. மீளாமல் மாண்டவை அச்சேறாத ஏடுகள். இன்னொரு பிரதி உள்ள நூல் திரும்பி வரும். இன்று அதே வடிவில் எழுப்பப்பட்ட மண்டபத்தின் அலுமாரிகளில் இருப்பவை அப்படித் திரும்பி வந்தவையே.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ் நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். முல்லைத்தீவின் தண்ணீரூற்று போன்ற ஊர்களும் வெறிச்சோடின. குழந்தைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் கிதாபுப் பெட்டியையா தூக்குவார்கள்? மௌலிதுகள், அரபுத்தமிழ் ஏடுகள், வாப்பாவின் கையெழுத்திலான குறிப்புகள் எல்லாம் அப்படி அப்படியே கிடந்தன.

நூலகத்தில் பதிவேடு இருந்தது. ஆகையால் அதன் இழப்புக்கு ஒரு தொகை உண்டு. எமது பெட்டிகளை யாரும் எண்ணவில்லை. எண்ணப்படாத இழப்பு சிறிதாகிவிடுமா? வீட்டுக் கிதாபுகள் அரிய நூல்களா என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் ஏடு அரியதென்று அறிய முதலில் அதைத் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும். எங்கள் பெட்டிகளுக்கு அந்த ஒருவர் வரவேயில்லை.

1992இல் சரயேவோ நூலகம் எரிந்தபோது நாமெல்லாம் துயருற்றோம். அங்கிருந்த நூல்கள் எந்த மதத்தாருடையவை என்று கேட்கவில்லை. அந்த மனம் யாழ்ப்பாணத்துக்கும் போதும். இரு பக்கத்தாருக்கும் என் பதில் அதுவே. ஆனால் 1981ஐச் சொல்லும் வாய் 1990ஐயும் சொல்லவேண்டும் என்று கேட்க எமக்கு உரித்துண்டு. 1990ஐச் சொல்லும் எமது வாயும் 1981இல் தயங்கக் கூடாது.

2009க்குப் பின் ஊர் மீண்டோரிடையே அப்பெட்டிகளைத் திறந்து படித்த முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டெழுத ஒரு கொப்பி போதும். நூலின் பெயர் ஞாபகமில்லாவிட்டால் அட்டையின் நிறத்தை எழுதலாம். எந்த மாதத்தில், யார் வீட்டுத் திண்ணையில் அதை ஓதினார்கள் என்று எழுதலாம்.